வலிக்கு ஒரு கை, வீக்கத்துக்கு வேறு கை: வீட்டில் பிடித்துவிடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எந்த ஊர்த் தெருவில் பொழுது சாயும் நேரத்தில் நடந்தாலும், பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். மடியில் தட்டு, குனிந்த கழுத்து, தரையில் மடக்கிய கால், ஓயாமல் உருட்டும் கட்டைவிரல். ஆயிரம் பீடி முடிவதற்குள் உடம்பில் எந்தெந்தத் தசை இறுகும் என்பதை அவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர்களுக்கும் திசையன்விளைப் பக்கம் பனை ஏறுபவர்களுக்கும் வலிக்கும் இடம்தான் வேறு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகளோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துவிடுகிறாள். அந்தக் கைக்காகவே இதை எழுதுகிறேன்.

பிடித்துவிடுவது என்றாலே பலங்கொண்டு அழுத்துவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. "இன்னும் நன்றாக அழுத்து" என்று படுத்திருப்பவரும் சொல்கிறார், அழுத்துபவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துகிறார். இறுகிய தசைக்கு ஆழமான அழுத்தம் வேண்டும், உண்மைதான். ஆனால் நீர் கோத்து வீங்கிய காலுக்கு அந்த அழுத்தம் ஆகவே ஆகாது. புதிதாகச் சுளுக்கிய கணுக்காலை முதல் இரண்டு நாளைக்குப் பிடித்துவிடவே கூடாது. கை வைக்கும் முன் தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் தொட்டுப் பாருங்கள்

வலிக்கும் இடத்தை நான்கு விரல்களாலும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். தசைக்குள் கடினமான சிறு முடிச்சு தட்டுப்பட்டு, அதை அழுத்தும்போது "ஆமாம், இதுதான், தலைவரைக்கும் இழுக்கிறது" என்று அவர் சொன்னால் அது இறுக்கம். அழுத்தி வேலை செய்யலாம். எரிச்சல், மரத்துப்போதல், சுரீரென்று கைக்கோ காலுக்கோ ஓடும் வலி இருந்தால் அது நரம்பு சம்பந்தப்பட்டது. அந்த இடத்தை அழுத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீக்கம் என்றால், முழங்காலுக்குக் கீழே முன்எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் சேர்ந்திருக்கிறது. அந்த நீர் எதனால் வந்தது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையாலும் பாதம் வீங்கும். மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்துவிடக்கூடிய வீக்கத்துக்கு மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, ஆடுசதை சூடாகவும் வலியோடும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். பிடித்துவிட்டால் அந்தக் கட்டி நகர்ந்துபோய் நுரையீரலை அடைத்துவிடும் அபாயம் இருக்கிறது. உயிர் போகிற விஷயம் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

காய்ச்சல், சிவந்து பரவும் தோல், ஆறாத புண், எலும்பு முறிவு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, புற்றுநோய் சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு தெரியாது. அவருக்குக் காலில் ஒத்தடம் கொடுக்கவே கூடாது.

கழுத்தும் தோளும்

பீடி சுற்றுபவர், தையல் மிஷினில் உட்கார்பவர், கணினி பார்ப்பவர் எல்லோருக்கும் முதலில் இறுகுவது கழுத்தின் அடியிலிருந்து தோள் முனைவரை இறங்கும் அகலமான தசை. இதற்கு ஆளைப் படுக்கவைக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே மேசையில் இரண்டு தலையணை போட்டு, நெற்றியை அதன்மேல் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கை இரண்டும் மேசைமேல் இருக்கட்டும். கை தொங்கிக்கொண்டிருந்தால் தோள் தசை தளராது.

பத்து நிமிடம் சூடு கொடுங்கள். கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்த ஒத்தடமும் நல்லது, நொச்சி இலையை வதக்கிக் கட்டியதும் நல்லது, வெந்நீர்ப் பையும் நல்லது. உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, சுகமான சூடாக இருந்தால் மட்டும் அவர்மேல் வையுங்கள்.

பிறகு எண்ணெய். இரண்டு தேக்கரண்டி போதும். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். அளவுக்கு மீறி ஊற்றினால் கை வழுக்கும், தசை பிடிபடாது.

உள்ளங்கை முழுவதையும் பதித்து, பிடரியில் மயிர் முடியும் இடத்திலிருந்து தோள் முனைவரை நீளமாக உருவுங்கள். முதல் இரண்டு நிமிடமும் இதை மட்டும் செய்யுங்கள். தசை எங்கே இறுகியிருக்கிறது என்று உங்கள் கை தெரிந்துகொள்வதும், இந்தக் கையை நம்பலாம் என்று அவர் உடம்பு தெரிந்துகொள்வதும் இந்த இரண்டு நிமிடத்தில்தான்.

அடுத்து பிசைதல். கட்டைவிரல் முதுகுப் பக்கமும் மற்ற நான்கு விரல்கள் முன்பக்கமும் இருக்கும்படி தோள் தசையைக் கொத்தாகப் பிடித்து, சற்றே தூக்கி, அழுத்தி, விடுங்கள். கழுத்தோரத்தில் தொடங்கித் தோள் முனைக்குப் போய்த் திரும்பி வாருங்கள். தோலைக் கிள்ளக் கூடாது. தசை கைக்குள் வர வேண்டும்.

இப்போது முடிச்சைத் தேடுங்கள். தோள்பட்டை எலும்பின் மேல்முனைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒன்று, தோள்பட்டையின் உள்விளிம்புக்கும் முதுகெலும்புக்கும் இடையில் ஒன்று அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். கட்டைவிரலை முடிச்சின் நடுவில் வைத்து, மற்றக் கையை அதன்மேல் ஊன்றி, மெதுவாக எடையை இறக்குங்கள். பத்துக்கு எத்தனை வலி என்று கேளுங்கள். ஐந்து, ஆறு என்று சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டு என்று சொன்னால் உடம்பு எதிர்த்துக்கொண்டு இன்னும் இறுகும், நீங்கள் செய்வது வீண். விரலைத் தேய்க்காமல், அசைக்காமல் அப்படியே வைத்திருங்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஆகும்போது விரலுக்கு அடியில் முடிச்சு இளகி, விரல் தானாகச் சற்று உள்ளே இறங்குவது தெரியும். அவரும் பெருமூச்சு விடுவார். "இப்போது வலி எவ்வளவு?" என்று மறுபடி கேட்டால் மூன்று என்பார். அந்த இடம் முடிந்தது. மெதுவாகக் கையை எடுங்கள்.

ஒரே நாளில் மூன்று நான்கு முடிச்சுக்கு மேல் போக வேண்டாம். மறுபடி நீளமாக உருவி முடித்த பிறகு, வலது காதை வலது தோளை நோக்கிச் சாய்த்து இருபது எண்ணும்வரை இருக்கச் சொல்லுங்கள், பிறகு இடது பக்கம். பிடித்துவிட்டதன் பலன் நிலைப்பதற்கு இந்த நீட்டல் அவசியம்.

கழுத்தின் முன்பக்கத்தையும் பக்கவாட்டில் நாடி துடிக்கும் இடத்தையும் அழுத்தாதீர்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் கிழிந்து பக்கவாதம் வர அது காரணமாகலாம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டு அருவிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தண்ணீர் விழும் வேகத்துக்கு நேர் கீழே தலையைக் கொடுக்காமல் ஓரத்தில் நில்லுங்கள்.

பிடித்துவிட ஆள் இல்லாதவர் ஒரு டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்து, முடிச்சின் மேல் பந்து வரும்படி நகர்த்தி, அதே அளவு நேரம் நிற்கலாம்.

முன்கையும் கட்டைவிரலும்

பீடி உருட்டும் கையில் வலி விரலில் தெரிந்தாலும், விரலை இயக்கும் தசை முன்கையில்தான் இருக்கிறது. கையை மேசைமேல் உள்ளங்கை மேல் பார்க்க வைத்து, எண்ணெய் தடவி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டைவிரலின் அடிச்சதையால் மெதுவாக உருவுங்கள். ஒரு தடவை போய்ச்சேர ஐந்தாறு விநாடி ஆகட்டும். பிறகு கையைத் திருப்பி மேல்புறத்திலும் அப்படியே. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையை இரு பக்கமும் பிடித்து அழுத்தி வைத்திருங்கள். பீடி சுற்றுபவருக்கு அந்த இடம் தொட்டாலே வலிக்கும், ஆகையால் மெல்லத் தொடங்குங்கள்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது கட்டைவிரல் அடியில் சுள்ளென்று வலித்தால், அங்கே ஓடும் தசைநாரின் உறை புண்பட்டிருக்கிறது. வீங்கிச் சூடாக இருந்தால் அதைத் தொடாமல் ஓய்வு கொடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். நாள்பட்ட வலி என்றால், எண்ணெய் இல்லாமல், ஒரு விரல் நுனியை வலிக்கும் புள்ளியில் வைத்து, தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்காக, தோலும் விரலும் சேர்ந்து நகரும்படி இரண்டு மூன்று நிமிடம் தேய்ப்பது ஒரு முறை. குறுக்குத் தேய்ப்பு என்ற இதை இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் பரப்பினார்.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துத் தூக்கம் கலைந்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. அதற்குப் பிடித்துவிடுவது மருந்தல்ல.

இடுப்பு

குழந்தையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கால் எங்கே விழும் என்று குழந்தைக்குத் தெரியாது. எலும்பு தேய்ந்த ஆச்சிக்கு முதுகெலும்பு நொறுங்கிப் போகலாம்.

வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவையுங்கள். முதுகெலும்பின் மேல் கை வேண்டாம். அதற்கு இரு பக்கமும் நீளமாக ஓடும் தசையை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் வெளிப்பக்கம் தள்ளித் தள்ளி வாருங்கள். தரையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இடுப்பு வலியின் வேர் பல நேரம் புட்டத்துத் தசையில் இருக்கும். முஷ்டியை அங்கே வைத்து உடம்பைச் சாய்த்து எடையைக் கொடுத்து, அரை நிமிடம் நின்று, இடம் மாற்றுங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைப்பு, தொடை இடுக்கில் மரத்துப்போதல், காலில் பலம் குறைதல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

வீக்கம்: கையின் எடையே போதும்

இந்த முறையைத்தான் நம் வீடுகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கியவர்களும், யானைக்கால் நோயால் கால் வீங்கியவர்களும், "ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லக் கேட்டு முந்தானைக்குள் கையையும் சேலைக்குள் காலையும் மறைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். அந்த வீக்கத்தை முழுவதும் போக்க முடியாவிட்டாலும் நிச்சயம் குறைக்க முடியும், மேலும் வளராமல் காக்க முடியும்.

ரத்தக் குழாயிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் ஒரு பகுதி நிணநீராக மெல்லிய குழாய்களில் திரும்பி வருகிறது. வழியில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களிலுள்ள கணுக்களைக் கடக்கிறது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அதே கணுக்கள்தான். கடைசியில், கழுத்தடியில் இரு பக்கமும் குறுக்காக ஓடும் காறை எலும்புகளுக்குப் பின்னால் ரத்தத்தில் கலக்கிறது. இரண்டு காலின் நிணநீரும் இடது பக்கம் போய்ச் சேர்கிறது. இந்தக் குழாய்களில் நிறைய தோலுக்கு அடியிலேயே இருக்கின்றன. பலமாக அழுத்தினால் அவை நசுங்கி மூடிக்கொள்ளும், தோலை மெல்ல இழுத்தால் திறக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930களில் பிரான்சில் இருந்தபோது இதற்கென்று ஒரு முறையை வகுத்து 1936இல் பாரிசில் வெளியிட்டார்கள்.

வரிசைதான் இதன் உயிர். வயலில் தண்ணீர் தேங்கினால் வடிகாலை முதலில் வெட்டிவிட்டுத்தான் மேல் வயல் நீரைத் திறப்போம். அதேபோல வீங்கிய பாதத்தில் தொடங்காமல், நீர் போய்ச் சேரும் கழுத்தடியில் தொடங்க வேண்டும்.

இதய பலவீனமோ சிறுநீரகச் செயலிழப்போ தோலில் தொற்றோ இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, காலுக்கு இப்படிச் செய்யுங்கள். எண்ணெய் கூடாது. வழுக்கினால் தோல் இழுபடாது. மல்லாந்து படுக்கவைத்துக் காலைத் தலையணைமேல் உயர்த்துங்கள். காறை எலும்புகளுக்கு மேலுள்ள குழியில் விரல்களைத் தட்டையாக வைத்து, தோலை மட்டும் கீழ்நோக்கி உட்புறமாக மெல்ல நகர்த்தி விடுங்கள். தோல் தானாகப் பழைய இடத்துக்கு வரட்டும். மூன்று விநாடிக்கு ஒரு தடவை வீதம் பத்துத் தடவை. அடியில் தசை தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு வயிறு உயரும்படி ஐந்து தடவை ஆழமாக மூச்சிழுத்து விடச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பெரிய நிணநீர்க் குழாயை இந்த மூச்சே இயக்குகிறது. அடுத்து தொடை இடுக்கில், துணிக்கு மேலேயே, கையை வைத்து அதே மெல்லிய அசைவு.

இப்போது தொடை. மேல் தொடையில் தொடங்கி, இடுக்கை நோக்கித் தோலை நகர்த்தி விடுங்கள். பிறகு நடுத் தொடை, அதன்பின் முழங்காலுக்கு மேல். கை கீழே இறங்கிக்கொண்டே போகும், தோலை நகர்த்தும் திசை எப்போதும் மேல்நோக்கியே இருக்கும். முழங்காலுக்குப் பின்னுள்ள குழி, ஆடுசதை, கணுக்கால், கடைசியில் பாதம். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முதல் ஏழு தடவை. பாதம் முடிந்ததும் அதே வழியில் மேலே திரும்பி இடுக்கில் முடியுங்கள். அரை மணி நேரம் ஆகும். "ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கிறதே" என்று அவர் சொன்னால் சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள்.

முடித்த பின் பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசைக்கச் சொல்லுங்கள். கட்டுத்துணியோ அழுத்தக் காலுறையோ போட்டால்தான் இறங்கிய நீர் திரும்பச் சேராது. ஆனால் அதன் அளவையும் இறுக்கத்தையும் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொல்ல வேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவருக்கு அது ஆபத்து.

அறுவைக்குப் பிறகு வீங்கிய கைக்கு வழி வேறு. அந்தப் பக்கத்து அக்குளில் கணுக்களை எடுத்திருப்பார்கள், ஆகையால் நீரை நல்ல பக்கத்து அக்குளுக்கும் அதே பக்கத்துத் தொடை இடுக்குக்கும் திருப்ப வேண்டும். இதை ஒரு முறையாவது பயிற்சி பெற்றவரிடம் நேரில் கற்றுக்கொண்டு பிறகு வீட்டில் செய்யுங்கள்.

இந்த வீக்கம் உள்ளவர்களுக்குத் தோல்தான் கோட்டை. நாள்தோறும் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஈரம் போகத் துடைத்து, சிறு வெடிப்பையும் கவனிக்க வேண்டும். வயலுக்கோ காட்டுக்கோ செருப்பில்லாமல் போகக் கூடாது. குளிர் காய்ச்சலோடு கால் சிவந்தால் கை வைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சுளுக்கு

கணுக்கால் பிசகிய உடனே காலை இழுத்து முறுக்கிச் சுளுக்கு எடுப்பவரிடம் ஓட வேண்டாம். கிழிந்த தசைநார் மேலும் கிழியும். நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் முட்டின் பின்விளிம்பு எலும்பை அழுத்தும்போது வலித்தால் எக்ஸ்ரே எடுங்கள். முறிவு இல்லையென்றால் முதல் இரண்டு நாளும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வீதம் வைத்து, கட்டுப் போட்டு, உயர்த்தி வையுங்கள். சூட்டு ஒத்தடம் வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து முழங்காலுக்குப் பின்னால் தொடங்கி, மேலே சொன்ன மெல்லிய முறை. வீக்கம் இறங்கிய பிறகுதான் எண்ணெயும் அழுத்தமும்.

கற்ற கையிடம் போக வேண்டியவை

சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது கையால் பிடித்தும் அழுத்தியும் செய்யும் மருத்துவம், ஒரு தனிச் சிகிச்சை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். மேலே கழுத்துக்கும் முன்கைக்கும் சொன்னவற்றில் பிடித்தலும் அழுத்தலும் அடங்கும். முறுக்கல், இழுத்தல், மல்லாத்துதல் மூன்றும் வீட்டில் செய்யத் தக்கவை அல்ல. வர்மப் புள்ளிகளையும் படித்துப் பயின்றவர்தான் தொட வேண்டும். பாளையங்கோட்டையில் 1964 முதல் இயங்கிவரும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இதற்கென்று சிறப்பு மருத்துவத் துறையே இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை

ஆழமாக அழுத்திய இடம் மறுநாள் சற்று வலிப்பது இயல்பு. அந்த வலி அடங்காமல் அதே இடத்தைத் தொட வேண்டாம். இரண்டு நாள் இடைவெளி நல்லது. கன்றிப்போய் நீலம் பாய்ந்தால் அழுத்தம் மிகுந்துவிட்டது. நிணநீர் முறையைத் தினமும் செய்யலாம்.

வேலை செய்யும் விதம் மாறாவிட்டால் முடிச்சு திரும்பத் திரும்ப வரும். பீடி சுற்றுபவர் சுவரில் முதுகைச் சாய்த்து, தொடைக்கு அடியில் தலையணை வைத்துத் தட்டைச் சற்று உயர்த்திக்கொண்டால் கழுத்து அவ்வளவு குனியாது. ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும்.

பிடித்துவிடும் கையும் தேயும் கைதான். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கட்டைவிரல் மடங்காமல் மணிக்கட்டுக்கு நேராக இருக்கட்டும். விரல் பலத்தால் அழுத்தாமல் உடம்பைச் சாய்த்து எடையை இறக்குங்கள். இடுப்புக்கும் புட்டத்துக்கும் முழங்கையைப் பயன்படுத்துங்கள். பகலெல்லாம் நீங்களும் பீடி சுற்றியவர் என்றால், முதலில் உங்கள் முன்கையை நீங்களே இரண்டு நிமிடம் உருவிக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.